மடித்து வைத்த ஏழு மைல்

படையில் எல்லோருக்கும் அவர் முழக்கோல். ஆள் நெட்டை, ஒல்லி. செய்கிற வேலையும் நிலம் அளப்பது. பெற்றவர்கள் வைத்த பெயர் படைப் பதிவேட்டில் எங்கோ ஒரு மூலையில் கிடந்தது. யாரும் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை.

அவருடைய அளவுச் சங்கிலியின் மறுமுனையைப் பிடிப்பவன் அவர் மனைவியின் தம்பி. முப்பது வயது. ஒவ்வொரு சங்கிலி நீளத்துக்கும் ஒரு முளை அடித்து எண்ணிக்கையை உரக்கச் சொல்லும் நேரம் தவிர, மற்ற நேரத்தில் அவன் வாய் ஓயாது. பதினோரு வருடமாக இருவரும் அளந்த நிலத்தை நீட்டிப் போட்டால் உலகத்தையே ஒரு சுற்றுச் சுற்றிவிடலாம் என்பான்.

"சுத்தி என்ன பிரயோஜனம்? கடைசில உங்க அக்கா முன்னாடிதானே போய் நிக்கணும்" என்பார் முழக்கோல்.

சண்டை தொடங்கிய மாதமே இருவரையும் படை கூப்பிட்டுக்கொண்டது. பாதை தெரியாமல் படை நகராது, அளந்தவனுக்குத்தான் பாதை தெரியும். கிளம்பும்போது மனைவி அதிகம் பேசவில்லை. சோற்று மூட்டையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு, "போறது ரெண்டு பேரு. வர்றதும் ரெண்டு பேரா இருக்கட்டும்" என்றாள், கணவனைப் பார்த்து.

இரண்டாம் வருடம்தான் மடிப்புக்காரி வந்தாள்.

மந்திரக்காரி ஒருத்தியைத் தளபதி வரவழைக்கிறார் என்ற செய்தி பத்து நாளாகவே கூடாரம் கூடாரமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நெருப்பு கக்குவாள், கண்ணால் பார்த்தே ஆளைச் சாய்ப்பாள் என்று ஆளாளுக்கு அளந்துவிட்டார்கள். வந்து இறங்கியவளுக்கு ஐம்பது வயதிருக்கும். முழங்கால் வலியோ என்னவோ, வண்டியிலிருந்து பக்கவாட்டில் இறங்கினாள். உடைந்த மூக்குக்கண்ணாடியை நூல் போட்டுக் கட்டியிருந்தாள். கையில் ஒரு பை. பைக்குள் ஒரு பருத்திப் படுக்கைவிரிப்பு. அவ்வளவுதான்.

தளபதி தங்கியிருந்தது ஒரு தானியக் கிடங்கு. அங்கே நீளமான மேசையில் அவள் அந்தத் துணியை விரித்து, தண்ணீர் தெளித்து ஈரமாக்கினாள். முழக்கோல் தன் வரைபடத்தை அதன் பக்கத்தில் விரித்தார்.

"தம்பி, உங்க வேலை சரியா இருந்தா என் வேலை சுலபம். இந்தக் கல்லுக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவுல தரை எவ்வளவுன்னு சொல்லுங்க. அதைத் துணியில குறிச்சுக்குவேன். ரெண்டு முனையையும் சேர்த்தா, அங்க தரையும் சேரும். உங்க ஆளுங்க ஒரு எட்டு வெச்சுத் தாண்டிடலாம்" என்றாள்.

"நடுவுல இருக்கற தரை?"

"துணிய மடிச்சா நடுத்துணி எங்க போகுது? உள்ளதான் இருக்கும். வெளிய தெரியாது." பிறகு தளபதியிடம் திரும்பி, "உள்ள உயிர் எதுவும் இருக்கக் கூடாது. இதை நான் ரெண்டு தடவை சொல்லணும், அது என் வழக்கம். உள்ள உயிர் எதுவும் இருக்கக் கூடாது" என்றாள்.

தளபதி தலையாட்டினார்.

விஷயம் இதுதான். முற்றுகையில் சிக்கிய நகரம் ஒன்று ஏழு மைல் தள்ளி இருந்தது. போவதற்கு ஒரே பாதை, இரண்டு மலைச்சரிவுகளுக்கு நடுவே. சரிவெல்லாம் எதிரியின் வில்லாளிகள். அந்தப் பாதையில் நடந்தால் ஆயிரம் பேராவது விழுவார்கள். நகரத்தில் தானியம் தீர்ந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

முழக்கோல் போன வருடமே அந்தப் பாதையை அளந்திருந்தார். சங்கிலிக்கு அறுபத்தாறு அடி, மொத்தம் ஐந்நூற்று அறுபது சங்கிலி. நடுவில் ஒரு செங்கல் சூளை, மூன்று வீடுகள், பதினொரு பேர். சண்டைக்காரர்கள் அவர்களைத் தொந்தரவு செய்யவில்லை. இரண்டு பக்கத்துக்கும் செங்கல் வேண்டியிருந்தது.

"நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன் மாமா. சூளைக்காரர் எனக்குப் பழக்கம். மத்தியானத்துக்குள்ள எல்லாரையும் இந்தப் பக்கம் கொண்டுவந்து, கண்ணாடிய வெயில்ல காட்டறேன். அதுக்கப்புறம் மடிக்கச் சொல்லுங்க" என்றான் மச்சான்.

விடிந்ததும் சூளை ஆள் மாதிரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு புறப்பட்டுப் போனான்.

பத்து மணிக்குத் தளபதி கிடங்குக்குள் வேகமாக வந்தார். நகரத்தின் வடக்கு மதில் விரிசல் விட்டுவிட்டதாம், மத்தியானம் வரை தாங்காதாம். இப்போதே மடிக்க வேண்டும்.

"ஐயா, இன்னும் கண்ணாடி தெரியலை" என்றார் முழக்கோல்.

"தெரியலைன்னு எனக்கும் தெரியும்." தளபதி குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. "நகரத்துல இருபதாயிரம் பேர். இங்க நாலாயிரம் பேர். சூளைல பன்னெண்டு பேர். அளக்கறது உன் தொழில்தானே? நீயே அளந்து சொல்லு."

முழக்கோல் மடிப்புக்காரியைப் பார்த்தார். அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"செத்துடுவாங்களா?"

"தெரியாது தம்பி. உயிரோட யாரையும் நான் உள்ள வெச்சதில்லை." துணியின் ஒரு முனையை எடுத்தாள். "படுக்கைவிரிப்ப ஒரு ஆளா மடிக்க முடியாது, பாத்திருப்பீங்க. மறுமுனைய யாராவது பிடிக்கணும். தரையை அளந்த கைதான் பிடிக்கணும். வேற யாரு பிடிச்சாலும் சேராது."

அவர் சன்னல் வழியாக ஒருமுறை சரிவைப் பார்த்தார். வெயில் இருந்தது. கண்ணாடியின் மினுக்கு எதுவும் இல்லை. பிறகு துணியின் முனையைக் கையில் எடுத்தார். எடுத்தது தன் கைதான் என்பதை அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் மறுத்ததில்லை.

இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் நடந்தார்கள். வீட்டில் மனைவியோடு துணி மடிக்கும்போது நடப்பது போலத்தான். விரல்கள் சந்தித்த இடத்தில் துணி சட்டென்று கனத்தது. ஈரமண் மூட்டையைத் தூக்கியது போன்ற கனம். மடிப்புக்காரி அதை மெல்ல மேசையில் கிடத்தி, நான்கு மூலையிலும் கல் வைத்தாள். வெளியே யாரோ கத்தினார்கள். இந்தப் பக்கத்து எல்லைக் கல்லுக்கு ஒட்டினாற்போல் அந்தப் பக்கத்து எல்லைக் கல் நின்றது. அதற்குப் பின்னால் நகரத்து மதில்.

நாலாயிரம் பேரும் சாயங்காலத்துக்குள் தாண்டிவிட்டார்கள். ஈரத்தரையில் வெறுங்காலை வைத்தது போல ஒரு சில்லிப்பு, அதோடு சரி என்று பேசிக்கொண்டார்கள். குதிரைகள் மட்டும் மாட்டேன் என்றன. கண்ணைக் கட்டி இழுத்துப் போனார்கள். ஓர் அம்பு கூட விழவில்லை. முதுகுப் பக்கம் திடீரென்று ஒரு படை முளைத்ததைப் பார்த்து முற்றுகை போட்டவர்கள் அரை நாளில் கலைந்து ஓடினார்கள். நகரத்துக் கதவு திறந்தபோது, எலும்பும் தோலுமாக வெளியே வந்த ஜனங்கள் வீரர்களின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அந்தக் காட்சியை முழக்கோலும் பார்த்தார். அவர் கையையும் ஒரு பெண் பிடித்துக்கொண்டு அழுதாள். அவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"இப்பவே பிரிச்சுடலாம்" என்றாள் மடிப்புக்காரி அன்றே.

தளபதி சம்மதிக்கவில்லை. நகரத்துக்குத் தானியம் போக வேண்டும், காயம்பட்டவர்கள் வர வேண்டும், சரிவில் இன்னும் வில்லாளிகள் இருக்கிறார்கள். இன்னும் நாலு நாள். நாலு நாள் எட்டாயிற்று. எட்டு பத்தொன்பதாயிற்று.

அந்தப் பத்தொன்பது நாளும் முழக்கோல் கிடங்கிலேயே இருந்தார். மனைவிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து, "நலம்" என்ற சொல்லுக்கு மேல் போக முடியாமல் எழுந்துவிடுவார். மேசை மேல் துணி கிடந்தது. இத்தனை நாளிலும் காயவில்லை. மூன்றாம் நாள் பிற்பகல், வெளிச்சம் நன்றாக உள்ளே விழுந்துகொண்டிருந்த நேரம், துணியில் ஒரு சின்னப் புடைப்பு தெரிந்தது. கடுகளவு. எறும்பு புகுந்துவிட்டது என்று நினைத்துத் தட்டப் போனார். அந்தப் புடைப்பு துணிக்கு அடியில் நிதானமாக ஒரு முழம் நகர்ந்து நின்றது. கொஞ்சம் பொறுத்துத் திரும்பி வந்தது.

"நடக்கறான்" என்றார் அவர்.

மடிப்புக்காரி எழுந்து வந்து பார்த்தாள். ஒரு நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

ஏழாம் நாள் புடைப்புகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. சரி, கணக்கு ஒத்துப்போகிறது என்று அவருக்கு ஓர் ஆறுதல். பதினோராம் நாள் எண்ணிப் பார்த்தார். நாற்பது. அடுத்த நாள் எண்ண முடியவில்லை. துணி முழுவதும் சொரசொரப்பாக, குளிரில் சிலிர்த்த தோல் மாதிரி இருந்தது. காதை வைத்துக் கேட்டார். தூரத்தில் மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கேட்ட பிறகுதான் அது மழையில்லை, காலடி என்று புரிந்தது.

"இவங்க யாரும்மா?"

"எனக்குத் தெரியாது தம்பி." அவள் துணியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். "நான் போட்டதில்லை இவங்கள."

பத்தொன்பதாம் நாள் அவளாகவே கல்லை எடுத்துவிட்டாள். தளபதியிடம் கை தாங்கவில்லை என்று மட்டும் சொன்னாள். அது பொய் என்று முழக்கோலுக்குத் தெரியும். துணியைத் தாங்கிக்கொண்டிருந்தது மேசைதான்.

துணியைப் பிரித்ததும் ஏழு மைல் தன் இடத்துக்கு வந்தது. முழக்கோல் குதிரையேறி, சரிவில் யார் இருக்கிறார்கள் என்று கூடப் பார்க்காமல் பாதையில் இறங்கினார். வில்லாளிகள் என்றோ போய்விட்டிருந்தார்கள். மூன்றாவது மைலில் எதிரே ஒரு கூட்டம் நடந்து வந்தது. முன்னால் வந்தவன் மச்சான். முகம் மழித்த அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தது, ஒரு மயிர் கூட வளரவில்லை. கால் செருப்பில் மட்டும் அடித்தோலே இல்லை. புறப்பட்ட அன்று காலையில்தான் புதிதாக வாங்கிப் போட்டிருந்தான்.

"கண்ணாடி காட்ட முடியலை மாமா, வெயிலே வரலை" என்றான்.

முழக்கோல் இறங்கி அவனைக் கட்டிக்கொண்டார். அவன் உடம்பு ஈரத்துணி மாதிரி குளிர்ந்திருந்தது. தோளுக்கு மேலாக, தொழில் பழக்கத்தில், அவனையும் சேர்த்து எண்ணினார். பன்னிரண்டு பேர் வர வேண்டிய இடத்தில் பதினைந்து பேர் நின்றார்கள்.

அதிகப்படியான மூன்று பேரில் இரண்டு பேர் ஆண்கள், எலும்புப் பொத்தான் வைத்த சிப்பாய்ச் சட்டை போட்டவர்கள். அந்தச் சட்டையை முழக்கோல் நகரத்து மண்டபத்துச் சுவரில், பழைய படத்தில் மட்டும் பார்த்திருந்தார். மூன்றாவது ஒரு பெண். இடுப்பில் ஒரு வாளி, அதில் துவைத்துப் பிழிந்த துணி. ஆறு எங்கே போனது என்று கேட்டாள். பாதைக்குக் கிழக்கே, கைக்கெட்டும் தூரத்தில் ஓடிக்கொண்டிருந்ததாம். எழுபது வருடத்துக்கு முந்தைய வரைபடம் ஒன்றில் ஆறு அங்கேதான் ஓடியது. வெள்ளத்தில் திசை மாறிப் போனதை அவளிடம் எப்படிச் சொல்வது? சூளைக்காரர் மனைவி அவளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய், வாளித் துணியைக் கொடியில் உலர்த்தினாள். நல்ல வெயில். மூன்று நாள் கழித்தும் அந்தத் துணி சொட்டிக்கொண்டே இருந்தது. இரண்டு சிப்பாய்களும் பாதையோரம் உட்கார்ந்தவர்கள்தான், வெயிலைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். எழுந்திருக்கவில்லை, எதையும் சாப்பிடவில்லை.

அந்த ஒரு வரிக்குப் பிறகு மச்சானும் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. அவன் பேசாமல் இருப்பதை முழக்கோல் அதுவரை பார்த்ததில்லை. மூன்றாம் நாள் காலை, கிடங்கில், மடிப்புக்காரியும் இருக்கும்போது சொன்னான்.

"தலைக்கு மேல ஒரே காலடிச் சத்தம் மாமா. நீங்கள்லாம் தாண்டிப் போறீங்கன்னு புரிஞ்சுது. கத்திப் பாத்தோம். அப்புறம் சத்தம் நின்னுடுச்சு. மேகம் போட்ட சாயங்காலம் மாதிரி ஒரு வெளிச்சம், அது மாறவே இல்லை. பசிக்கலை, தூக்கம் வரலை. சரி, எல்லைக் கல் வரைக்கும் போய்ப் பாப்போம்னு நடந்தேன். முளை அடிச்சு எண்ணிக்கிட்டே போனேன். ஐந்நூத்தி அறுபது தாண்டிடுச்சு. ஆயிரம் தாண்டிடுச்சு. தரை முடியலை."

"அப்புறம்?"

"அப்புறம் அவங்க உக்காந்திருந்தாங்க. வரிசை வரிசையா. ஒரு வரிசைக்கு நாப்பது பேர். எண்ணினேன், பழக்கம் விடலை. அறுநூறு வரிசைக்கு மேல எண்ண முடியலை. விதவிதமான சட்டை, விதவிதமான கொடி. கொடி இருந்துச்சு, நிறம்தான் இல்லை. எல்லா நாட்டு ஆளும் கலந்து உக்காந்திருக்காங்க. யாரும் தலையத் தூக்கலை. பக்கத்துல போனதும் ஒருத்தன் மட்டும் தூக்கினான். போர் முடிஞ்சுதான்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"இல்லைன்னு சொன்னேன். உண்மைதானே மாமா? இல்லைன்னதும் எல்லாரும் எழுந்தாங்க. மொத்தமா, ஒரே நேரத்துல. யாரோட சண்டைன்னு கேக்கலை. எந்தப் பக்கம்னு கேக்கலை. வெளிய எப்படிப் போகணும்னு மட்டும் கேட்டாங்க."

முழக்கோல் எழுந்து கதவைச் சாத்தினார்.

"நான் வழி சொன்னேன்" என்றான் மச்சான். "கை காட்டினேன். யாராவது வழி கேட்டா சொல்றதுதானே நம்ம வேலை? சொன்னதுக்கப்புறம்தான் பயம் வந்துச்சு. திரும்பி ஓட ஆரம்பிச்சேன். அவங்க பின்னாடி வந்தாங்க, ஓடலை, நடந்துதான் வந்தாங்க. இவங்க பிரிச்சப்போ முன்வரிசை சூளைக்கிட்ட வந்தாச்சு. அந்த மூணு பேர் வெளிய விழுந்தாங்க. மத்தவங்களுக்கு ஒரு நிமிஷம் போதலை."

மடிப்புக்காரி தரையில் உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வலிக்குத் தரையில் உட்காருபவள் இல்லை அவள். "எனக்கு முன்னாடி எத்தனை பேர், எத்தனை சண்டையில, எதையெல்லாம் மடிச்சுப் பிரிக்காம விட்டுட்டுப் போனாங்களோ" என்றாள். "வெளியதான் வேற வேற மடிப்பு. உள்ள எல்லாம் ஒண்ணு போலிருக்கு."

முழக்கோல் நேராகத் தளபதியிடம் போய்ச் சொன்னார். தளபதி கடைசி வரை குறுக்கிடாமல் கேட்டார்.

"எத்தனை பேர் இருக்கும்கற?"

"அவன் எண்ணினது மட்டும் இருபத்தி நாலாயிரம்."

"வழி கேட்டாங்க. சண்டை எங்கன்னு தேடறாங்க." தளபதி விரலால் மேசையைத் தட்டினார். "நம்ம சண்டையப் போடட்டுமே."

"ஐயா, அவங்களுக்கு எந்தப் பக்கமும் கிடையாது."

"இங்க பாரு முழக்கோல். அடுத்த வாரம் நான் ஆத்துத் துறையத் தாண்டணும். அக்கரையில எதிரி நிக்கறான். இறங்கி நடந்தா எழுநூறு பேர் போவாங்க. ஒவ்வொருத்தனுக்கும் ஒரு வீடு இருக்கு, அம்மா இருக்கா. மடிச்சா ஒருத்தனும் போக மாட்டான், போன தடவை நீயே பாத்த. உன் மச்சான் இருட்டுல கண்டதை நம்பி எழுநூறு பேரைத் தண்ணியில இறக்கச் சொல்றியா?"

தளபதி சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை.

ஆற்றுத் துறையை அளக்க உத்தரவு வந்தது. இந்த முறை உள்ளே வீடு இல்லை, ஆள் இல்லை. மாமனும் மச்சானுமாக நாணல் புதருக்குள் பதுங்கிப் பதுங்கி இரண்டு நாளில் அளந்து முடித்தார்கள். அகலமான இடத்தில் ஆற்றைக் கோணம் பிடித்துக் கணக்குப் போட்டார்கள். எதிரி நிற்கும் இடத்தை ஒதுக்கி, அக்கரையில் அவன் முதுகுப் பக்கம் வரை முந்நூற்று ஐம்பது சங்கிலி. மச்சான் எண்ணிக்கையைக் கிசுகிசுப்பாகத்தான் சொன்னான்.

"மாமா, மறுபடி மடிச்சா அவங்க இந்தத் தடவை வாசல்லயே நிப்பாங்க" என்றான்.

"தெரியும்டா."

"என்ன பண்ணப் போறீங்க?"

அவர் சங்கிலியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். கிடங்கில் மடிப்புக்காரி சுண்ணக்கட்டியோடு காத்திருந்தாள். மறுத்தால் அவளைத் தூக்கில் போடுவார்கள், படைச் சட்டம் அப்படி. அவள் அவரிடம் எதையும் கேட்கவில்லை. துணியை நீவிக்கொண்டே, "அளவு சரியா இருந்தா என் கை தானா சேர்த்துடும். நான் நினைச்சாலும் நிறுத்த முடியாது. சரியில்லைன்னா என்ன முயற்சி பண்ணாலும் சேராது" என்று மட்டும் சொன்னாள். சொல்லும்போது துணியைத்தான் பார்த்தாள்.

"எவ்வளவு தம்பி?"

"முந்நூத்தி நாப்பத்தி ஏழு" என்றார் முழக்கோல்.

முப்பது வருடத் தொழிலில் அவர் வாயிலிருந்து வந்த முதல் தவறான அளவு அது.

தளபதி வந்து நின்றார். அவளும் அவரும் முனைகளைப் பிடித்து நடந்தார்கள். நடுவில் துணி தொய்ந்தது. இன்னும் இரண்டு எட்டு, ஓர் எட்டு. திடீரென்று துணியின் உட்பக்கத்திலிருந்து ஏதோ அழுத்தியது. முதலில் ஒன்று, பிறகு ஐந்து. விரல் நுனிகள். அவர் கட்டைவிரல் இருந்த இடத்தைத் தேடி வந்து, மெதுவாகத் தடவிப் பார்த்தன. குருடர்கள் முகத்தைத் தடவுகிற மாதிரி. பிறகு துணி நெடுக நூற்றுக்கணக்கில் புடைத்தது. எதிரே மடிப்புக்காரியின் கைகள் அவளை மீறி முன்னால் வந்தன. அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு விளிம்புக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடைவெளி. அந்த ஒரு விரற்கடையை மூடத் துணி தானாக இழுத்துப் பார்த்தது. நூல் தெறித்தது. மூடவில்லை. விரல்கள் ஒவ்வொன்றாக உள்வாங்கின. துணி வெறும் ஈரத்துணியாகித் தொங்கியது.

"என்ன ஆச்சு?" என்றார் தளபதி.

"அளவு ஒத்துவரலை" என்றாள் மடிப்புக்காரி.

தளபதி முழக்கோலை நெடுநேரம் பார்த்தார். மறுபடி அளக்க நாள் இல்லை, எதிரிக்கு மேலும் படை வந்துகொண்டிருந்தது. மறுநாள் காலை படை ஆற்றில் இறங்கியது. முழக்கோல் கரையில் நின்று பார்த்தார், பார்க்காமல் இருக்கத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்தார். துறை பிடிபட்டது. அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் இறந்தார்கள்.

தளபதி அவரைத் தூக்கில் போடவில்லை. "வேணும்னே செஞ்சியான்னு கேக்க மாட்டேன், கேட்டா நான் ஏதாவது செய்யணும்" என்றார். "இனிமே உனக்குப் படையில வேலை இல்லை. இங்கயே இரு. செத்தவங்களுக்கு இடம் அளந்து கொடு." மடிப்புக்காரியை வேறு படைக்கு அனுப்பினார்கள். வண்டியேறும்போது பை காலியாக இருந்தது. துணியைக் கிடங்கின் அடுப்பில் போட்டுவிட்டேன், ஈரமாக இருந்ததால் நெடுநேரம் புகைந்தது என்றாள். வேறு துணியில் வருமா வராதா என்று அவளுக்கும் தெரியவில்லை.

மாமனும் மச்சானும் ஆற்றங்கரை மேட்டில் குழிகளுக்கு வரிசை பிடித்தார்கள். ஆளுக்கு ஆறடி நீளம், இரண்டடி அகலம். வரிசைக்கு நாற்பது என்று அதிகாரி சொன்னபோது மச்சான் மாட்டவே மாட்டேன் என்றான். முப்பத்தி நாலாக வைத்தார்கள்.

மாதக் கடைசியில் இறந்தவர்களின் வீட்டார் வரத் தொடங்கினார்கள். ஒருநாள் காலையில் ஒரு கொத்தனார் வந்தார். தோளில் பை, பையில் கரண்டியும் தூக்குநூலும். மகனின் பட்டாள எண்ணைச் சொன்னார். முழக்கோல் ஒன்பதாம் வரிசைக்குக் கூட்டிப் போனார். கொத்தனார் கல்லில் வெட்டியிருந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். அழவில்லை.

"உங்க படையில ஒரு மந்திரக்காரி இருந்தாங்களாமே. தரையையே மடிப்பாங்கன்னு மகன் எழுதியிருந்தான். அப்புறம் ஏன் தண்ணியில இறங்கினாங்க?"

"அளவு தப்பாப் போச்சுங்க."

"யாரு அளந்தது?"

"நான்தான்."

கொத்தனார் திரும்பி அவரை முழுதாகப் பார்த்தார். "எத்தனை தப்பு?"

"மூணு சங்கிலி."

"நானும் நாப்பது வருஷமா அளக்கறவன். அரை விரல் தப்பலாம், ஒரு விரல் தப்பலாம். மூணு சங்கிலி கை தவறி வராது."

முழக்கோல் எதையும் மறைக்கவில்லை. அங்கேயே, அந்த மேட்டில் உட்கார்ந்து, சூளை முதல் விரல்கள் வரை எல்லாவற்றையும் சொன்னார். மச்சான் சற்றுத் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தான். சொல்லி முடித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

"மடிஞ்சிருந்தா என் மகன் இன்னிக்கு உயிரோட இருந்திருப்பான்" என்றார் கொத்தனார்.

"ஆமாங்க. இன்னிக்கு இருந்திருப்பான்."

"அவங்க வந்திருப்பாங்களான்னு உங்களுக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"என் கட்டைவிரலைத் தொட்டாங்க" என்றார் முழக்கோல்.

கொத்தனார் கல் பக்கம் திரும்பினார். மகனுடைய கல் லேசாகச் சாய்ந்திருந்தது. தூக்குநூலைப் பிடித்துப் பார்த்து, மண்ணைத் தோண்டி, நேராக்கி நிறுத்தினார். பக்கத்துக் கல்லும் சாய்ந்திருந்தது. அதையும் நேராக்கினார். மச்சான் தயங்கித் தயங்கிக் கிட்டே போய், கேட்காமலே சாந்து குழைக்க ஆரம்பித்தான். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பொழுது சாயும் வரை இருவரும் ஒன்பதாம் வரிசையைக் கல் கல்லாகச் சரிசெய்துகொண்டே போனார்கள். முழக்கோல் ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வந்து அவர்கள் பக்கத்தில் வைத்தார். கொத்தனார் அதில் கையைக் கழுவிக்கொண்டு, பையை எடுத்துத் தோளில் மாட்டி, அவர் முகத்தைப் பார்க்காமல் மேட்டை விட்டு இறங்கிப் போனார்.